அப்பா, நான் காற்றடிக்கும் பக்கம் சாயவில்லை

பெத்லகேம், பென்சில்வேனியா
8 ஜூன் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்கள், அம்மா, தம்பி வீட்டார் எல்லோரும் நலந்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "பொங்கலுக்குப் பேசினா அந்தம்மாங்கிறே. பங்குனி உத்திரத்துக்குப் பேசினா அந்தத் தம்பிங்கிறே. சித்திரை பிறந்தன்னைக்கு மறுபடியும் அந்தம்மா. இப்ப மறுபடியும் தம்பி. காத்தடிக்கிற பக்கமெல்லாம் சாயுறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றீர்கள். அந்தம்மா என்றால் ஹிலாரி கிளின்டன், தம்பி என்றால் பராக் ஒபாமா; டெமாக்ரட் கட்சியின் அதிபர் வேட்பாளராக வர இவர்களில் யாருக்கு என் ஆதரவு என்பதுதான் உங்கள் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இங்கே நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கட்சிக்காரர்கள் விருப்ப மனு கொடுப்பார்கள், நேர்காணல் நடக்கும், கடைசியில் தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். அதோடு முடிந்தது. இங்கே அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். பிரைமரி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நாள். எங்கள் மாநிலத்தில் கட்சியில் பேர் பதிந்தவர்கள் மட்டும்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். போன அக்டோபரில் பிலடெல்பியாவில் கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்துக் குடியுரிமை வாங்கியதும், வாக்காளர் பட்டியலில் சேர ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பெயர், முகவரி, பிறந்த தேதிக்குக் கீழே 'எந்தக் கட்சி?' என்று ஒரு கேள்வி. சர்க்கார் படிவத்தில் கட்சியைக் கேட்கிறார்களே என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டெமாக்ரட் கட்சிக் கட்டத்தில் குறி போட்டேன். மாப்பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. ஆக வீட்டில் ஓட்டு என் ஒருத்திக்குத்தான்.

எனக்கு ஆரம்பத்தில் ஹிலாரி கிளின்டனைத் தவிர வேறு யோசனையே இல்லை. நான் பிறந்த 1966இல்தான் இந்திரா பிரதமரானார். ஒரு பெண் நாட்டை ஆள முடியுமா என்று இந்த நாட்டில் 2008இல் கேட்கிறார்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் என் வேலை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் தினமும் ஒருவராவது வந்து, சீட்டில் 30 மாத்திரை எழுதியிருக்க, "பத்து மட்டும் கொடும்மா, மிச்சத்துக்கு அடுத்த மாதம் வருகிறேன்" என்பார். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் இந்தப் பணக்கார நாட்டில் ஏறத்தாழ 4.7 கோடிப் பேர். ஹிலாரியின் திட்டத்தில் எல்லோருக்கும் காப்பீடு கட்டாயம். பராக் ஒபாமாவின் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கட்டாயம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை. இங்கே பெரியவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், வழக்கம் அப்படி. மனசுக்குள் நான் அத்தை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன். 74 வயது. அவருடைய அம்மா பிறந்தபோது இந்த நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு கிடையாது, 1920இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அத்தை பிளவுஸ் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். சொந்தச் சம்பளம் கையில் இருந்தும், 1970களின் தொடக்கத்தில் ஒரு வங்கியில் கடன் அட்டை கேட்டதற்கு, "வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் மாறும். ஹிலாரிக்கு இவர் போடுவது வெறும் ஓட்டு இல்லை அப்பா, வாழ்நாள் கணக்கு.

ஜனவரி 3ஆம் தேதி அயோவாவில் ஒபாமா ஜெயித்து, ஹிலாரி மூன்றாம் இடத்துக்குப் போனார். அன்று ராத்திரி அத்தை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "நாளையிலிருந்து நீயும் என்னோடு வருகிறாய்" என்றார். அஞ்சு நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி எழுந்து நின்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வாரம் இரண்டு மாலை வேலை முடிந்ததும் போவேன். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக போன் போட வேண்டும். ஒருநாள் ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவிலிருந்தா கூப்பிடுகிறாய்? ஓட்டுக் கேட்பதைக்கூட அங்கே அனுப்பிவிட்டார்களா?" என்று கத்தினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அத்தை என் கையிலிருந்து போனை வாங்கி, "அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. உன்னைப் போல அவளுக்கும் ஒரு ஓட்டு. உனக்கு வளர்ப்புச் சரியில்லை" என்று சொல்லி வைத்தார். வரும் வழியில் காரில் என் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு இரண்டு வீட்டு வாசல் புல்லிலும் ஹிலாரி பேர் போட்ட பலகை, ஜோடியாக நின்றது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நான் யாரை விட்டு விலகினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மனசு ஒரே நாளில் மாறவில்லை. தென் கரோலினாவில் ஒபாமா ஜெயித்ததும் ஹிலாரியின் கணவர் பில் கிளின்டன், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன்கூட முன்பு இங்கே ஜெயித்திருக்கிறார் என்றார். கறுப்பர்கள் கறுப்பருக்குப் போட்டார்கள், அவ்வளவுதான் என்று சொல்வதுபோல இருந்தது எனக்கு. மார்ச்சில் ஹிலாரி பக்கத்துப் பெரிய மனுஷி ஜெரால்டின் ஃபெராரோ, ஒபாமா வெள்ளைக்காரராக இருந்திருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டார் என்றார். மறுநாள் என்னோடு வேலை பார்க்கும் கறுப்பினச் செவிலி ஒருத்தி, மருந்துத் தட்டை வாங்கிக்கொண்டே, "இருபது வருஷமாக எனக்குப் பின்னால் இதைத்தான் பேசியிருப்பார்கள், இல்லையா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. சும்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரமே ஒபாமாவின் பாதிரியார் ஜெரமையா ரைட் முன்பு செய்த பிரசங்கங்களை டிவியில் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவைச் சபிக்கும் வார்த்தைகள். அத்தைக்குத் திருப்தி, ஆள் தொலைந்தான் என்று. மார்ச் 18ஆம் தேதி ஒபாமா பிலடெல்பியாவில் அதற்குப் பதில் சொல்லிப் பேசினார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பேச்சை முழுக்கக் கேட்டேன். அரை மணிக்கு மேல் ஓடுகிறது. அந்தப் பாதிரியாரின் பேச்சு தப்பு என்றார். ஆனால் அவரைத் தூக்கி எறிய முடியாது, என்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியை எப்படித் தூக்கி எறிய முடியாதோ அப்படி என்றார். தெருவில் எதிரே வரும் கறுப்பரைக் கண்டால் பயம் என்று அந்தப் பாட்டியே ஒருமுறை ஒப்புக்கொண்டாராம். இந்தப் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கேட்டால் கூசிப்போகிற வார்த்தைகளும் அவர் வாயில் வந்திருக்கின்றன.

எனக்கு நம் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது, அப்பா.

முன்கட்டில் அண்ணா படம். திண்ணை மூலையில் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளர். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆச்சி மோரை உயரத் தூக்கி ஊற்றுவாள், டம்ளரில் செம்பு பட்டுவிடாதபடி. குடித்தவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். நீங்கள் ஆச்சியோடு சத்தம் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த டம்ளர் அங்கேயே இருந்ததும் நினைவிருக்கிறது. அதே ஆச்சிதான் எனக்கு டைபாய்டு வந்தபோது 21 நாள் என் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தவள். அவளைப் பற்றி இந்த நாட்டில் யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. நல்லதை மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்த மனுஷர் நாடு முழுக்கப் பார்க்கும்போது, ஜெயிப்பு தோல்வி எல்லாம் அந்த ஒரு பேச்சில் தொங்கும்போது, தன் பாட்டியைப் பற்றி இரண்டு பக்கத்தையும் சொன்னார். மறைக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அன்று ராத்திரி நான் மாறினேன். பங்குனி உத்திரத்துக்கு உங்களிடம் சொன்னது இதைத்தான், காரணத்தைச் சொல்ல மட்டும் நா எழவில்லை.

மாறியதில் எனக்கு வெட்கம் இல்லை. அதன் பிறகு செய்ததில்தான் வெட்கம். அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அஞ்சு மணி இருட்டில், வாசல் பலகையைப் பிடுங்கிக் காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் தன் வாசலில் நின்றிருந்தார். பலகை இருந்த இடத்தில் கம்பி குத்திய இரண்டு ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டே, "பகலில் எடுத்திருக்கலாமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

சித்திரைப் பிறப்பன்று மறுபடி அந்தம்மா என்றேனே, அதுவும் உண்மைதான். ஒபாமா சான் பிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் கூட்டம் ஒன்றில் பேசியது ஏப்ரல் 11ஆம் தேதி வெளியே வந்தது. பென்சில்வேனியாவின் சின்ன ஊர்களில் வேலை போய் 25 வருஷமாகிறது, அங்கிருப்பவர்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொருளில் பேசியிருந்தார். அத்தையின் வீட்டுக்காரர் எஃகு ஆலையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். ஆலை இந்த ஊரில் இரும்பு உருக்குவதை 1995இல் நிறுத்திவிட்டது. கடைசியில் ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீடும் போயிற்று. ஊதுலைகள் மட்டும் துருப்பிடித்து ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கின்றன, எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். அவருக்கு ஞாயிறு தவறாமல் கோயில், நவம்பர் கடைசியில் மான் வேட்டை. இங்கே மான் சீசன் தொடங்கும் திங்கட்கிழமை பல பள்ளிக்கூடங்களுக்கே லீவு. வேலை இருந்த காலத்திலும் அவர் வேட்டைக்குப் போனவர்தான், கோயிலுக்குப் போனவர்தான். பாட்டியைப் பற்றி அவ்வளவு பக்குவமாகப் பேசியவர், இந்த மனிதரைப் பற்றி எங்கோ பணக்காரர்கள் நடுவே நின்று இப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஆறவில்லை. ஹிலாரியும் அந்த நாளில் சுத்தமாக இல்லை. 1996இல் போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கினேன் என்று சொல்லி, பழைய டிவி படம் வந்ததும் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார். இரண்டு பேர் மேலும் கோபம். ராத்திரித் தூக்கம் இல்லை.

ஏப்ரல் 22 எங்கள் மாநிலத்தின் முறை. பொதுவாக அந்தத் தேதிக்குள் எல்லாம் முடிந்திருக்குமாம். இந்தத் தடவை ஆறு வாரம் வேறெந்த மாநிலத்திலும் ஓட்டு இல்லாததால் நாடே எங்களைப் பார்த்தபடி இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் வாக்குச்சாவடி. முதல் தடவை என்பதால் அடையாள அட்டை கேட்டார்கள். விரலில் மை வைக்கவில்லை. சட்டையில் ஒட்டிக்கொள்ள 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் மகன் ஈராக்கில் இருக்கிறான் என்று வரிசையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் அன்றுதான் அங்கே செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் எண்ணிக்கை 4,000ஐத் தொட்டிருந்தது. அந்தப் போருக்கு 2002இல் செனட்டில் ஹிலாரி ஆதரவாக ஓட்டுப் போட்டவர். அதே அக்டோபரில் ஒபாமா சிகாகோவில் ஒரு கூட்டத்தில் போர் வேண்டாம் என்று பேசியவர். இயந்திரத்தின் முன் நின்றபோது பாதி மாத்திரை வாங்குகிறவர்களும் நினைவுக்கு வந்தார்கள். அதனால் அது சுலபமாக இல்லை, அப்பா. நிறைய நேரம் நின்றேன். கடைசியில் ஒபாமா பேரை அழுத்தினேன். சான் பிரான்சிஸ்கோ பேச்சு தப்பு. அதைத் தப்பு என்று சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷர் என்று எனக்கு அந்தப் பிலடெல்பியா பேச்சிலிருந்து ஒரு நம்பிக்கை.

இப்போது சொல்லுங்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது? எங்கள் மாநிலத்தில் ஹிலாரி ஒன்பது சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். நம் மாவட்டம் மாதிரி இங்கே கவுன்டி, 67 கவுன்டிகளில் 60 அவருக்கு, எங்கள் கவுன்டியும்தான். நான் தோற்ற பக்கம் போட்டவள். கடைசியில் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை ஓட்டுக்கு ஏற்றபடி பங்கு போட்டதில் அவருக்கு 85, ஒபாமாவுக்கு 73. அதனால் ஜெயித்தும் அவரால் முன்னே வர முடியவில்லை. எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகள் என்று தங்கள் இஷ்டப்படி போடக்கூடிய பெரிய தலைகள் 800 பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஒபாமா பக்கம் போனார்கள். விதியை மீறி முன்கூட்டியே தேர்தல் நடத்திய ஃபுளோரிடா, மிச்சிகன் பிரதிநிதிகளுக்கு அரை ஓட்டுத்தான் என்று மே 31இல் கட்சி முடிவு செய்தது. ஜூன் 3ஆம் தேதி ஒபாமா வேட்பாளராகத் தேவையான பிரதிநிதிகள் எண்ணிக்கையைத் தாண்டினார்.

இந்த ஏழு வாரமும் அத்தை என்னோடு பேசவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

நேற்று சனிக்கிழமை ஹிலாரி வாஷிங்டனில் விடை சொல்லிப் பேசுகிறார் என்று தெரிந்தது. காலையிலேயே உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன், அத்தைக்குப் பிடிக்கும். பகல் வெளிச்சத்தில், வாசல் வழியாக, அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உட்கார், ஆரம்பித்துவிட்டாள்" என்றார்.

ஹிலாரி தன் ஆட்களிடம், எனக்காக உழைத்ததுபோல் ஒபாமாவுக்காக உழையுங்கள் என்றார். அந்த மண்டபத்திலேயே சிலர் ஊளையிட்டார்கள். பெண்களை மேலே போகவிடாமல் தடுக்கும், உயரத்தில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கூரையை இந்தத் தடவை உடைக்க முடியவில்லை, ஆனால் அதில் 1.8 கோடி விரிசல் விழுந்திருக்கிறது என்றார். அவர் வாங்கிய ஓட்டு அவ்வளவு. அத்தை கையில் வடையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன். அந்த 1.8 கோடியில் நான் இல்லை, அது அவருக்கும் தெரியும். "நவம்பரில் என்ன செய்வேன் என்று கேட்காதே" என்றார். கேட்கவில்லை. குடியரசுக் கட்சி மெக்கெயினுக்குப் போடுவேன் என்று மே மாதம் தெருவில் எல்லோரிடமும் சொன்னவர். நான் கிளம்பும்போது அவர் வீட்டுக்காரர் வாசல் பலகையைப் பிடுங்கி மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை அதை வாங்கிக் கராஜில் கிறிஸ்துமஸ் சாமான் பெட்டிகளுக்கு மேலே வைத்தார்.

இதை எழுதும்போது சித்தப்பா ஞாபகமாகவே இருக்கிறது. 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது அவருக்கு 24 வயது. மறு வருஷம் திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு அந்தக் கட்சிக் கொடி கட்டிய லாரியில் ஏறிப் போனார். நீங்கள் அன்று வாசற்கதவைச் சாத்தினீர்கள். என் சடங்குக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. பந்தல்காலுக்கு அந்தப் பக்கம், தெருவிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். அவர் ஏன் மாறினார் என்று உங்களில் யாரும் அவரைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் போன வாரம் கேட்டீர்கள் பாருங்கள், கோபமாகவாவது. அவரிடம் அதுகூட இல்லை.

ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணமாம், பத்திரிகை வீட்டுக்கு வந்திருக்கிறது, நீங்கள் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். போய்விட்டு வாருங்கள் அப்பா. என் பேரில் ஒரு வேஷ்டி, சித்திக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போங்கள். தம்பி கணக்குக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் இல்லை. அம்மாவின் முட்டிக்கு இங்கிருந்து தைலம் கொடுத்துவிடுகிறேன், தெரிந்தவர் ஒருவர் ஜூலையில் ஊருக்கு வருகிறார். அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன். இந்தத் தடவை பெரிய கார்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்